சுள்ளிக்கட்டு

ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு புளியமரம். அதன் அடியில் அம்மி கிடக்கும். பொங்கல் கழிந்த மறுவாரம் ஆச்சி சித்தப்பாவைக் கூப்பிட்டு அம்மியைப் பெயர்த்துத் தொழுவத்துக்குள் போடச் சொல்லுவாள். ஆனிக் கடைசியில்தான் அது மறுபடி மரத்தடிக்கு வரும். இடையில் ஐந்தாறு மாதம் அந்த நிழல் எங்களுக்குக் கிடையாது. துணி காயப்போட முடியாது, வத்தல் போட முடியாது, கட்டிலை இழுத்துப் போட்டு மத்தியானம் கண்ணயர முடியாது. மேலே நாரைகள் குடிவந்திருக்கும்.

ஊர் கூந்தன்குளம். நாங்குநேரி தாலுகா, திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர். 1994-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நான் சொல்லப்போவது இதற்கெல்லாம் முந்திய கதை, எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்பாவுக்கு மாற்றலாகி, போன ஊரில் வீடு அமையாததால், அரைப்பரீட்சை லீவுக்கு வந்த என்னை ஆச்சியிடமே விட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பின் மிச்சத்தை அங்கேதான் படித்தேன். படித்தேன் என்பது பேச்சுக்கு. பின்திண்ணையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பருவத்தை, முதல் சுள்ளி விழுந்த நாளிலிருந்து கடைசிக் குஞ்சு பறந்த நாள் வரை, முழுசாகப் பார்க்கும் யோகம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

ஆச்சிக்கு அவை வெறும் நாரைகள். புத்தகப் பெயர் மஞ்சள் மூக்கு நாரை. நாரை என்றதும் நமக்குச் சத்திமுத்தப் புலவர்தான் நினைவுக்கு வருவார். அவர் தூது விட்ட செங்கால் நாரை வேறு. அது குளிர்காலத்துக்கு வந்து போவது, நம் ஊரில் கூடு கட்டாது. எங்கள் புளியமரத்தில் ஏறியது இங்கேயே குடும்பம் நடத்துகிற பறவை. வெள்ளை உடம்பு, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை, பின்னிறகில் இளஞ்சிவப்பு. கூடு கட்டும் காலத்தில் அந்த இளஞ்சிவப்பு, யாரோ தாம்பூலத்தைத் துப்பிவிட்டது போல் அப்பட்டமாகத் தெரியும். இறகில்லாத முகமும் மஞ்சள் மாறிச் சிவக்கும். காலும் சிவந்துவிடும். ஏழெட்டு மாதம் சேற்றில் நின்று வெளிறிப்போன அதே கால்தான்.

முதலில் வந்தவை ஆண்கள். அப்போது அது எனக்குத் தெரியாது. மரத்தின் உச்சிக் கொம்பில் ஒன்று வந்து நின்றது, அவ்வளவுதான். ஒரு பகல் முழுக்க நின்றது. மறுநாளும் அதே கொம்பில் நின்றது. பக்கத்தில் வேறொரு நாரை இறங்கப் பார்த்தால் கழுத்தை நீட்டி அலகால் குத்தப்போகும். சண்டையெல்லாம் இல்லை, இரண்டு எட்டு முன்னால் வைத்தால் வந்தது விலகிப் போய்விடும். மூன்றாம் நாள் மரத்தில் இப்படிப் பதினோரு நாரைகள் நின்றன. எல்லாம் தனித்தனியாக, அலகு எட்டாத தூரம் விட்டு, பத்திர ஆபீஸில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் மாதிரி.

அது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வருஷம். மரத்தைக் காட்டி ஆச்சி அவரிடம் சொன்னாள்: “ஏலே, பாத்துக்க. எடத்தப் பிடிச்சு வச்சிட்டுல்லா பொண்ணுக்கு நிக்கான். நீ என்னத்த வச்சிருக்க?”

சித்தப்பா கேட்காத மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெண் நாரை வந்ததை நான் பார்த்தது ஐந்தாவதோ ஆறாவதோ நாள். அது நேராக ஆணின் கொம்பில் இறங்கவில்லை. இரண்டு கொம்பு தள்ளி இறங்கி, இறக்கைகளைப் பாதி விரித்தபடி, கயிற்றின்மேல் நடக்கிறவள் தடுமாறாமல் கையை நீட்டுவது போல, கொம்போடு மெல்ல நடந்து வந்தது. அலகு கொஞ்சம் திறந்திருந்தது. ஆண் குத்தப் போனது; பெண் பின்வாங்கியது. திரும்ப வந்தது. திரும்பவும் குத்து. நான் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணினேன். அன்றைக்குப் பதினாறு தடவை. ஆணின் குத்தில் வரவர வேகம் குறைந்தது எனக்கே தெரிந்தது. கடைசியில் அது குத்துவதை விட்டுவிட்டுத் திடீரென்று இறக்கையைக் கோத ஆரம்பித்தது. ஒரு பக்கம், மறுபக்கம், ஒரு பக்கம், மறுபக்கம். அலகு இறகில் பட்டும் படாமலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பேன் பார்க்கிற கோதல் இல்லை இது. பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்து மடித்து விடுவது மாதிரி ஒன்று.

இதை நான் கற்பனை பண்ணிக்கொண்டேன் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். பிறகு பிலிப் கால் என்ற அமெரிக்கரின் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கிடைத்தது. நாரை இனங்களின் நடத்தையைத் தேசம் தேசமாகப் போய்ப் பார்த்து ஒப்பிட்டு எழுதியவர். இந்த நாரை வகைகளைப் பற்றி 1972-ல் ‘ஐபிஸ்’ இதழில் எழுதியிருக்கிறார். ஆண் பாசாங்காக இறகு கோதுவது, அதற்குப் பெண் அலகைத் திறந்து நிற்பது, இறக்கை விரித்துத் தடுமாறுகிறாற்போல் நெருங்கி வருவது, ஒவ்வொன்றும் அதில் இருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது பின்திண்ணையின் சாணி வாசனை வந்தது. என் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டைதான் போய்விட்டது, எடைக்குப் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் அவர் சொல்கிறார். அதை நான் பார்த்திருந்தும் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஆண் நாரை குனிந்து, காலடியில் இருக்கிற சின்னக் குச்சியை அலகால் மெல்லப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். எடுக்காது. கூடு என்று அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் கொம்பு. ஆனாலும் கட்டப்போகிறவன் கையை வைத்துக் காட்டிவிடுவான்.

பெண் பக்கத்தில் நிற்க அனுமதி கிடைத்த பிறகு வேலை தொடங்கியது. பெரும்பாலும் ஆண்தான் போய்க் கொண்டுவரும், பெண் நின்று வாங்கி வைக்கும். ஒவ்வொரு முறை ஆண் வந்து இறங்கும்போதும் இரண்டும் தலையை உயரத் தூக்கி, அப்படியே கீழே தாழ்த்தி, சீறல் மாதிரி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். வளர்ந்த நாரைக்குத் தொண்டை அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போனவன் திரும்பி வந்தாலும் இந்த மரியாதை உண்டு. பெண் குச்சியை வாங்கி ஒரு இடத்தில் செருகும், எடுக்கும், வேறு இடத்தில் செருகும். பாதிக் குச்சி கீழே விழும். விழுந்ததை எந்த நாரையும் இறங்கி எடுத்ததாக எனக்கு நினைவில்லை. மறுபடி போய் வேறு ஒடித்து வரும். காலையில் மரத்தடியில் கிடக்கும் குச்சிகளைப் பொறுக்கி ஆச்சி அடுப்புக்குச் சேர்த்துவைப்பாள். தையிலும் மாசியிலும் வெந்நீர் அடுப்புக்கு விறகுச் செலவே இல்லை என்பாள்.

எங்கள் உச்சிக்கொம்புக்காரனுக்கு ஒரு குறை இருந்தது. அது குச்சி எடுக்கப் போகும்போதெல்லாம், பெண் அசந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கூட்டுக்காரன் கழுத்தை நீட்டி ஒரு குச்சியை உருவிக்கொள்வான். திருடிய குச்சியைத் தன் பெண்ணிடம் கொடுக்கும்போதும் தலையைத் தூக்கித் தாழ்த்தி அதே மரியாதை. அவளும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்வாள். நாலு நாளாகியும் எங்கள் கூடு ஒரு சாண் உயரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

தொழுவத்துப் பரணில் ஆச்சி அடுக்கிவைத்திருந்த சுள்ளிக்கட்டு ஒன்றை அவிழ்த்தேன். ஓட்டுமேல் ஏறி, புளியமரக் கிளை வந்து தொடுகிற இடத்தில் சுள்ளிகளைப் பரப்பி வைத்தேன். எடுத்துக்கொள்ள வசதியாகத் தனித்தனியாக, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. இரண்டு நாள் ஒரு பறவையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு நாரை ஓட்டின்மேல் இறங்கியது. நீண்ட காலை வைத்து வைத்து நடந்து, ஒரு சுள்ளியை எடுத்து, கீழே போட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு பறந்தது. அது எங்கள் நாரை இல்லை. பக்கத்துக் கூட்டுத் திருடன்.

மத்தியானத்துக்குள் ஆச்சி கட்டு குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். அடி விழும் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள்.

“அவன் கட்டுத கூட்டுக்கு நீ எதுக்குல சுள்ளி எடுத்துப் போடுத? அவனுக்கு அந்த ஒரு வேலதான். அதையும் நீ செஞ்சு குடுத்துட்டா அவ அவனை மதிப்பாளா?”

பறவை நடத்தையைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். ஆச்சி சொன்னதைத் தாண்டி ரொம்பத் தூரம் போய்விட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கூடு என்பதை முட்டைக்கான தட்டு என்று மட்டும் பார்த்தால், இத்தனை போக்குவரத்து வேண்டியதே இல்லை. நான் பார்த்த கூடுகளில் சில, முட்டை இட்டு அடைகாக்கிற நாட்களிலும் குச்சி வாங்கிக்கொண்டே இருந்தன. கூடு முடிந்த பிறகும் ஆண் கொண்டுவரும். பச்சை இலையோடு ஒரு கொப்பு, பாதி ஒடிந்த வேப்பங்குச்சி, எதுவோ ஒன்று. பெண் எழுந்து தலையைத் தாழ்த்தி வாங்கி, எங்கேயாவது செருகும். பேச்சு அற்றுப்போகாமல் இருக்கத்தான் அந்தக் குச்சி என்று எனக்குத் தோன்றும்.

கலவியும் கூட்டின் மேலேதான் நடந்தது. ஆண் மேலேறித் தலையை ஆட்டும்போது இரண்டு அலகும் மோதிக் கடகடவென்று சத்தம் வரும். தறிக்காரத் தெருவில் பகலில் நடந்தால் கேட்குமே, அது மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் ஆச்சி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “எய்யா, அந்த வெளக்க எடுத்துத் தொட.” பகலில் எத்தனை விளக்குத்தான் துடைப்பது? மாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டு அரிக்கேன் லாந்தர் பளபளவென்று இருந்தது.

கூழைக்கடாக்கள் கொஞ்சம் பிந்தி வந்தன. எங்கள் மரத்தில் நாலு ஜோடிதான். தெருக்கோடி வேம்பில் நிறைய. இவை நாரைகளோடு ஒரே மரத்தில் ஒண்டிக்கொள்ளும். ஆண் கூழைக்கடாவின் ஆட்டம் பார்க்க வேண்டியது. அலகுக்குக் கீழே தொங்கும் பையை உப்பவைத்து, தலையை மேலும் கீழுமாக ஆட்டி, பிறகு பக்கவாட்டில் ஆட்டி, கடைசியில் தலையை முதுகின்மேல் சாய்த்துக்கொள்ளும். இடையிடையே அலகைத் தட்டும். ஐந்து கிலோ வாக்கில் இருக்கும் உடம்பு ஒரு புளியங்கொம்பில் நின்று இதைச் செய்யும்போது கொம்பு படும் பாடு தனி. சித்தப்பா அதற்கு ‘சாமியாடி’ என்று பேர் வைத்திருந்தார்.

குளத்துக்குள் நடந்ததை அவ்வளவு நெருக்கமாகப் பார்க்கவில்லை. கரையில் ஆடு மேய்க்கிற பையன்களோடு போவேன். சம்பங்கோரைக்குள் நீலத் தாழைக்கோழி, அலகில் ஒரு பாசிக்கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்ணின் முன்னால் குனிந்து குனிந்து கும்பிடும், தொண்டைக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி சத்தத்தோடு. முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கிற அழுகல் செத்தைக் குவியல். ஆள் அரவம் கேட்டால் முட்டைகளின்மேல் பாசியை இழுத்து மூடிவிட்டு முங்கிவிடும். வெள்ளையாக இட்ட முட்டை நாளாக ஆக அந்தச் செத்தையின் நிறத்துக்கே பழுத்துவிடும். கருவேல மரங்களில் கொக்குகள். அவற்றின் முதுகில் அந்தப் பருவத்தில் மட்டும் வளர்கிற நூல் போன்ற மெல்லிறகுகளுக்காக ஐரோப்பாவில் தொப்பிக் கடைகள் நடந்தன. ஒரு பறவை தன் துணைக்குக் காட்ட வளர்த்ததை எவளோ ஒருத்தி தலையில் செருகிக்கொள்ள, கூட்டோடு கூடாகச் சுட்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியை 1902-ல் தடை செய்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களில் நான் மனசாரக் கும்பிடுகிற ஒன்றிரண்டில் அது ஒன்று.

நாரை முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். பங்குனி பிறந்ததும் மரத்தின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை இறக்கைச் சத்தமும் அலகுச் சத்தமும் குச்சி முறிகிற சத்தமும்தான். குஞ்சுகளுக்கோ பிறந்த மறுநாளிலிருந்து தொண்டை உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி மீனைக் கொண்டுவந்து கூட்டிலேயே கக்கும். பாதி மீன் கீழே விழும். ஊர்ப் பூனைகள் அத்தனையும் எங்கள் புறவாசலில். இலையெல்லாம் எச்சத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, மீன் கவிச்சியும் எச்சத்தின் காரமும் சேர்ந்து சோற்றில் கை வைக்க முடியாது. ஆச்சி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திட்டுவாள். திட்டுகிற வாயாலேயே, வெளியூர்க்காரர் யாராவது மூக்கைச் சுளித்தால், “பிள்ள பெற ஆத்தா வீட்டுக்கு வந்த பொண்ணுகள நாத்தம் அடிக்குன்னு வெரட்டுவியளா?” என்பாள். ஊரே அப்படித்தான். அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது. கோயில் கொடைக்கு வேட்டு கிடையாது. இதில் கணக்கும் இருந்தது: கோடையில் குளம் வற்றியதும் எச்சம் ஊறிய வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். ஆச்சியின் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாசமும் வண்டலும் சேர்ந்துதான் அந்த ஊர்.

சித்திரை வெயிலில் நடுப்பகல் பூராவும் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்கும். சூரியன் நகர நகர அதுவும் நகரும். ஆணா பெண்ணா என்று அப்போது பார்த்துச் சொல்ல முடியும். ஆண் கொஞ்சம் பெரிது, அலகும் நீளம். இரண்டும் மாறி மாறி நின்றன. ஒரு கோடைமழைச் சுழற்காற்றில் எங்கள் கூட்டின் ஒரு பக்கம் சரிந்தது. மூன்று குஞ்சில் ஒன்று விழுந்து செத்தது. மறுநாள் காலை ஆண் வாயில் ஒரு பச்சைக் கொப்போடு வந்து இறங்கியது. பெண் தலையைத் தூக்கித் தாழ்த்தியது.

இதை வசந்த காலம் என்று எழுதத்தான் ஆசை. நம் ஊர்க் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். நாரை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. டெல்லி உயிரியல் பூங்காவின் மரங்களில் இதே நாரைகள் காட்டுப்பறவையாகவே வந்து கூடு கட்டுகின்றன. அங்கே அது ஆகஸ்டு வாக்கில், தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதியில். இங்கே வடகிழக்கு மழை முடிந்து தை, மாசியில். மழை நின்று, குளம் நிறைந்து, மீன் பெருகியிருக்கும்போது ஜோடி சேரும். குஞ்சு வாய் பிளக்கிற பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி மீன் பள்ளங்களில் ஒதுங்கியிருக்கும். இந்த நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டே போகும், பட்டதும் கவ்வும். ஆகவே தெளிந்த பெரிய நீர்ப்பரப்பைவிடக் கலங்கிய சின்னக் குட்டைதான் அதற்கு லாபம். கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைக் கால்வாயிலிருந்து தண்ணீர் வரும். மடை திறக்காத வருஷம் அங்கே கல்யாணம் இல்லை.

அப்படி ஒரு வருஷத்தையும் பார்த்தேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. அடுத்த மாசியில் ஒரு துஷ்டிக்காக ஊருக்குப் போயிருந்தேன். குளம் வெடித்துக் கிடந்தது. தெருவில் நாற்றம் இல்லை. மரத்தடியில் பெண்கள் வத்தல் காயப்போட்டிருந்தார்கள். வயதான ஒரு மதினி என்னைப் பார்த்து, “இந்த வருசம் மரம் சும்மா நிக்கு தம்பி, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு” என்றாள். சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள்.

ஆச்சி போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டை விற்றோம். வாங்கியவர் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார், புளியமரத்தை வெட்டவில்லை. துணி துவைக்கிற கல்லுக்கு மேலே மட்டும் தகரக் கூரை ஒன்று இறக்கியிருக்கிறார். தகரத்தின் மேல் குச்சி விழுகிற சத்தம் நடுவீடு வரை கேட்கிறதாம்.

போவதானால் தைக் கடைசியிலோ மாசி முதலிலோ போங்கள். எல்லாரும் குஞ்சு பார்க்கப் பங்குனிக்கு மேல் போகிறார்கள். குச்சி கொடுத்து வாங்குகிற நாட்கள் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய், ஒரே ஒரு கூட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது, தெருமரங்களுக்கு அது தேவையே இல்லை. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.